குலநோய் என்றொரு பழி

ஒகேனக்கல் என்னும் பெயர் கன்னட வழக்கிலிருந்து வந்தது. 'ஹொகே' என்றால் புகை. 'கல்' நமக்கும் அவர்களுக்கும் பொதுச் சொல். பாறையே புகைவதுபோல் நீர்த்துளி எழும்பி நிற்பதால் இப்பெயர் அமைந்தது. காவிரி ஒற்றை ஆறாக வந்து, பென்னாகரம் வட்டத்தின் காட்டோரத்தில் பல கிளைகளாகப் பிளந்து விழுமிடம் அது. அங்குள்ள கார்பனடைட் பாறைகள் ஏறத்தாழ 240 கோடி ஆண்டு முதுமையுடையவை என்று நிலவியலார் கணக்கிட்டுள்ளனர். அவ்வளவு பழைய கல்லின்மீது அமர்ந்துதான் நாம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டோம்.

தேய்த்துவிட்டவருக்கு ஐம்பதைக் கடந்த வயதிருக்கும். முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டிக்கொண்டே பேசினார். சிரித்தபோது பற்களில் பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாகக் கறை தெரிந்தது. வெற்றிலைக் கறையோ என்று கேட்டோம்.

"இல்லீங்க சார். எங்க வம்சத்துக்கே பல்லு இப்படித்தானுங்க. எங்க தாத்தாவுக்கு வேற விரலெல்லாம் கொறஞ்சு போச்சு. பெரிய வியாதிங்க. மரத்தடியில வந்து மாத்திரை குடுத்தாங்க, தின்னாரு, நல்லா ஆயிட்டாரு. ஆனா ஊரு விடலீங்க. உங்க ரத்தமே கெட்ட ரத்தமுன்னு சொல்லி, எங்கக்காவுக்குப் பரிசம் போட வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்க. இப்போ எம்பொண்ணுக்குப் பாக்குறோம்..."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. குளித்துவிட்டுக் கரையேறும்வரை அவருடைய பேச்சே நம் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. பல்லும் விரலும் ஒரே இரத்தத்தின் குற்றம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்த முடிவு எவ்வளவு தூரம் மெய், எவ்வளவு தூரம் பொய் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் பல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிணறும் ஆழ்குழாயும் தரும் நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு பல இடங்களில் மிகுதி. அடியிலுள்ள கருங்கற் பாறையிலிருந்து அது நீரில் கரைகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. அதை மீறிய நீரைக் குழந்தைப் பருவத்தில் பருகினால், பல்லின் வெண்பூச்சு உருவாகும்போதே கறை ஏறிவிடும்; பல்லாண்டு பருகினால் எலும்பும் மூட்டும் இறுகும். சென்னை மாகாணத்தில் இந்நோயை இனங்கண்டு எழுதியவர்கள் ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி என்னும் மூவர். நெல்லூர் மாவட்ட ஊர்களை ஆராய்ந்த அவர்களின் கட்டுரை 1937இல் வெளிவந்தது. தாத்தா, தந்தை, பிள்ளை மூவருக்கும் ஒரே கறை இருந்ததற்குக் காரணம், மூவரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்கள் என்பதே. காவிரி நீரைக் குழாய்வழி கொண்டுசேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சப்பான் நாட்டுக் கடனுதவியோடு நிறைவேறி 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. நம் நண்பர் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற அதே ஆறுதான், அவருடைய வம்சத்தின்மேல் சுமத்தப்பட்ட பல் பழியைத் துடைக்க வந்த ஆறும். இதில் இரத்தத்துக்கு வேலையில்லை.

விரலின் கதை அவ்வளவு எளிதன்று.

தொழுநோய் பரம்பரை நோயா, தொற்று நோயா என்ற வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நடந்தது. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் தானியல்சன், பூக் என்னும் இரு மருத்துவர்கள் 1847இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். நோயாளர் குடும்பங்களை வீடுவீடாக ஆராய்ந்து, இது குருதிவழி வருவதே என்று அவர்கள் முடிவு செய்தனர். தானியல்சன் நோயாளியின் உடலிலிருந்து எடுத்ததைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்; நோய் வரவில்லை. ஒட்டாத நோய் தொற்று எப்படி ஆகும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய காலத்தில் நார்வேயில் தொழுநோயாளர் மணம் புரிவதையே சட்டத்தால் தடுக்கலாமா என்றுகூடப் பேசப்பட்டது. இலண்டனிலுள்ள அரச மருத்துவர் கல்லூரியும் குடியேற்ற நாடுகளிலிருந்தெல்லாம் விடை தருவித்து, இது தொற்றுநோய் அன்று என்று 1867இல் அறிக்கை தந்தது.

இதை உடைத்தவர் தானியல்சனின் மருமகனே என்பது வரலாற்றின் குறும்பு. ஹான்சன் என்னும் அந்த இளைஞர் 1873 பிப்ரவரியில் நோயாளியின் திசுவில் கோல்வடிவ நுண்ணுயிரைக் கண்டார். அவ்வாண்டு மே மாதம், ஹவாய்த் தீவுகளின் மொலோக்காயில் தாமியன் அடிகளார் கரையிறங்கினார். ஒருவர் செய்தது மற்றவர்க்குத் தெரியாது. பதினாறு ஆண்டுக்குப்பின் அடிகளார் அந்நோயாலேயே இறந்தார். பெல்ஜிய நாட்டு உழவர் குடும்பத்திலிருந்து வந்தவரின் குலத்தில் தொழுநோய் எங்கிருந்தது? நுண்ணுயிரை நம்பாதவர்களையும் அந்த மரணம் அசைத்தது. ஹான்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம் கருத்தை நிலைநாட்டும் வேகத்தில், மருத்துவமனையிலிருந்த பெண் ஒருவரின் கண்ணில், அவருடைய இசைவு பெறாமலே நோய்ப்பொருளைச் செலுத்தினார். பெர்கன் நீதிமன்றம் 1880இல் அவரை அம்மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. அறிவாளிக்கும் நோயாளி ஒரு மனிதர் என்பது மறந்துபோகக் கூடும்.

தொற்று என்று ஊர்ஜிதமானதும் பழி குறைந்ததா என்றால், இல்லை, ஆடை மாற்றிக்கொண்டது. முன்பு மணத்தைத் தடுத்தார்கள். இப்போது மனிதரையே அடைத்தார்கள். இந்தியாவில் 1898இல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. வீடு வாசலற்ற நோயாளிகளைப் பிடித்து விடுதியில் வைக்க அது இடந்தந்தது. அச்சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 2016இல்தான்.

மருந்தின் வரலாறு தமிழகத்துக்குப் பெருமை சேர்ப்பது. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் மருத்துவர் காக்ரேன் 1940களில் சல்போன் மருந்தைப் பயன்படுத்திப் பார்த்தார். வேலூரில் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஆய்வு மருத்துவமனை திறக்கப்பட்டது. அவ்வாண்டே பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஹெமரைக்ஸும் அவரோடு கிளேர் வெல்லுத் அம்மையாரும் பணி தொடங்கினர். நோயாளரை மதிலுக்குள் அழைப்பதை விட்டு, நோயாளர் இருக்கும் ஊருக்கே போய், சாலையோர மரநிழலில் மேசை போட்டு மாத்திரை கொடுத்தார்கள். அந்த முறை பிறகு பல மாவட்டங்களுக்கும் பரவிற்று. ஒகேனக்கல் நண்பரின் தாத்தா தின்றது அப்படியொரு மரத்தடி மாத்திரையே. 1982 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இந்நோயை முற்றாகக் குணமாக்குகிறது. ஆயினும் நோய் ஒழிந்துவிடவில்லை. 2022–23ஆம் ஆண்டில் இந்தியாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர்.

இங்கே ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தொற்றென்றால், நோயாளியோடு ஒரே பாயில் படுத்த மனைவிக்கு வராமல், எங்கோ இருந்த தம்பிக்கு வருவானேன்? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இயல்பாகவே இந்நுண்ணுயிரை எதிர்க்கும் ஆற்றல் பெற்றவர்கள் என்று மருத்துவ நூல்கள் கூறும். எஞ்சிய ஐந்து பேர் யார்? சக்ரவர்த்தி என்னும் இந்திய ஆய்வாளரும் செருமானியரான ஃபோகலும் இந்நாட்டு இரட்டையரை ஆராய்ந்து 1973இல் எழுதினர். ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையரில் ஒருவர்க்கு நோயிருந்தால் மற்றவர்க்கும் இருந்தது சுமார் 60 விழுக்காடு. ஒவ்வா இரட்டையரில் 20 விழுக்காடு. ஆக, தானியல்சன் கண்டதும் முழுப் பொய்யன்று. நுண்ணுயிர் வெளியிலிருந்து வருகிறது. அதை உள்ளே தங்கவிடும் இயல்பில் ஒரு பங்கு பிறப்போடு வருகிறது. மாமனார் மருமகன் இருவரும் ஆளுக்குப் பாதி சரி.

ஒகேனக்கல் நண்பரின் ஊரார் சொன்னதை இது மெய்ப்பிப்பதுபோல் தோன்றலாம். நாமும் இவ்விடத்தில் சற்றே தயங்கினோம். தயக்கத்தைத் தீர்த்தது அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிதான்.

தமிழகம் உள்ளிட்ட தென்னிந்தியக் குடும்பங்களின் குருதியை ஆராய்ந்து, பத்தாம் நிறப்புரியில் தொழுநோய்க்கு இடங்கொடுக்கும் பகுதி ஒன்று உண்டென 2001இல் அறிவித்தனர். மூன்றாண்டு கழித்து, வியட்நாம் நாட்டுக் குடும்பங்களில் இன்னொரு மரபணு அகப்பட்டது. அதன் பெயரைக் கண்டதும் ஆய்வாளர்களே வியந்திருப்பார்கள். அது முன்பே அறிமுகமானது. 1998இல் சப்பானில், இளவயதிலேயே கைகால் நடுக்கம் காணும் பார்க்கின்சன் நோயாளரிடம் கண்டறியப்பட்ட பார்க்கின் மரபணு அது. நடுக்கு வாதத்துக்கும் தொழுநோய்க்கும் என்ன உறவு?

2009இல் சீன ஆய்வாளர் ஆயிரக்கணக்கான நோயாளரின் மரபணுத் தொகுதியை முழுமையாக ஒப்பிட்டபோது வியப்பு இரட்டித்தது. கிடைத்தவற்றுள் ஒன்று நாட்-2. குடல் புண்ணாகி வீங்கும் கிரோன் நோய்க்கு வழிசெய்வதாக 2001இலேயே அறியப்பட்டது. மற்றொன்று லர்க்-2, இதுவும் பார்க்கின்சன் நோயோடு தொடர்புடையது. டென்மார்க்கின் ஒடென்ஸ் நகரில், இடைக்காலத் தொழுநோயாளரைப் புதைத்த கல்லறைத் தோட்டத்து எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவர்களிடம் மிகுந்திருந்த எதிர்ப்பாற்றல் மரபணு வடிவம் ஒன்றை 2018இல் சொன்னார்கள். இன்றைய ஐரோப்பாவில் நரம்புறை சிதையும் நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுவதும் அதே வடிவந்தான்.

காரணம் ஓரளவு விளங்குகிறது. நாட்-2 என்பது வெள்ளணுக்களுக்குள் நிற்கும் காவலாள். நுண்ணுயிரின் சுவர்த் துண்டைக் கண்டால் குரல் கொடுப்பது அதன் தொழில். காவலாள் உறங்கினால் தொழுநோய் நுண்ணுயிர் உள்ளே குடியேறலாம். குடலில் வாழும் கோடானுகோடி உயிர்களோடு கொள்ளும் அமைதியும் குலையலாம். பார்க்கினோ அணுவுக்குள் துப்புரவுப் பணியாள். பழுதான உறுப்புகளை அகற்றுவது அதன் வேலை. உள்ளே நுழைந்த காசநோய் நுண்ணுயிரை அழிப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்று 2013இல் கண்டனர். மூளை நரம்பணுவில் குப்பை சேர்ந்தால் நடுக்கு வாதம். வெள்ளணுவில் பகைவன் தங்கினால் தொற்று. ஒரே பணியாள் இரு வீடுகளில் வேலை செய்தால், அவர் நோயுறும் நாளில் இரு வீட்டிலும் குப்பை சேரும். இரு வீட்டாரும் உறவினர் என்பது அதற்குப் பொருளன்று.

தொழுநோய்க்கு மட்டும் உரிய விந்தையும் அன்று இது. பிரிட்டனில் ஏழு நோய்களுக்கு நோயாளர் 14,000 பேரையும், பொதுமக்கள் 3,000 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தது. முடக்குவாதத்துக்கும் இளம்பருவ நீரிழிவுக்கும் பொதுவான மரபணுப் பகுதிகள் உண்டென்பது அதில் தெளிவாயிற்று. மூட்டு வலிக்காரரும் இன்சுலின் ஊசிக்காரரும் ஒரு வேரில் கிளைத்திருக்கலாம் என்று அதுவரை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்?

இன்னும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. லர்க்-2 மரபணுவின் ஒரு வடிவம் பார்க்கின்சன் நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. அதே வடிவம், தொழுநோயாளரின் நரம்பைத் திடீரெனத் தாக்கி விரலை முடக்கும் வீக்க எதிர்விளைவிலிருந்து காப்பதாக, வியட்நாமிய நோயாளரை ஆராய்ந்தவர்கள் 2019இல் எழுதினர். ஒரு நோய்க்குக் கதவு திறக்கும் கையே மற்றொரு நோய்க்குக் கதவடைக்கிறது. இதற்கு முன்மாதிரி நம் நீலகிரியிலேயே கிடைத்தது. இலேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952இல் அம்மலைப் பழங்குடியினரிடையே அரிவாள்வடிவ இரத்த அணுவைக் கண்டு எழுதினார்கள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அம்மரபணுவைப் பெற்ற குழந்தை இரத்தசோகையால் வருந்தும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தையோ மலைக்காய்ச்சலுக்கு எளிதில் பலியாகாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அலிசன் 1954இல் இதை நிறுவினார். காய்ச்சல் மலிந்த காட்டில் ஒரு குலத்தை வாழவைத்த குருதியைக் கெட்ட குருதி என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே, பரிசம் போட வந்து திரும்பிப் போனவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் கை நடுங்கும் பெரியப்பா இல்லையா? வயிற்றுப் புண்ணால் மெலிந்த அத்தை இல்லையா? மூட்டு வீங்கிய பாட்டி இல்லையா? நீங்கள் அஞ்சிய இயல்பின் ஏதோ ஒரு கீற்று உங்கள் பெட்டிக்குள்ளும் இருக்கலாம். அதற்கு வேறு பெயர் வைத்திருப்பீர்கள், அவ்வளவே. தவிரவும், மரபணு தருவது வாய்ப்பைச் சிறிது கூட்டும் சாய்வு மட்டும். நுண்ணுயிர் வராத வீட்டில் அது தொழுநோயாக மாறவே மாறாது. நோயாளர் வீட்டாருக்கு இந்நாளில் ஒருவேளைத் தடுப்பு மருந்தும் கொடுக்கிறார்கள்.

பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டது நாம் அறிந்ததே. இரண்டுமில்லை என்று விடை வந்த பிறகும் நாம் அக்கேள்வியை விட்டபாடில்லை. இதை நம்மவர்க்கு ஒரு சான்றோடு சொல்லியாக வேண்டும். கிறித்தவர்க்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின் பத்தாம் பிரிவில் தொழுநோய் ஒரு காரணமாக இருந்ததில்லை. 2001இல் அச்சட்டத்தைத் திருத்தியபோது, பிற சட்டங்களைப் பின்பற்றி, தீராத தொழுநோயும் மணமுறிவுக்குக் காரணம் என்று புதிதாகச் சேர்த்தார்கள். கூட்டு மருந்து வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன! 'தீராத' என்ற சொல் எழுதப்பட்ட நாளிலேயே அது பொருளிழந்த சொல். சட்ட ஆணையம் 2015இல் இத்தகைய பிரிவுகளை நீக்கச் சொல்லிற்று. 2019இல் நாடாளுமன்றம் கிறித்தவர், இந்துக்கள், இசுலாமியர் ஆகியோர்க்கான சட்டங்களிலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் அக்காரணத்தை அகற்றியது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவை எதிர்த்து நம் பங்குகளில் எத்தனை குரல் எழுந்தது என்று நினைத்துப் பார்க்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. இக்கட்டுரையை எழுதும் நாமும் வாய் திறந்தவரல்லர்.

சட்டம் போனாலும் பரிசம் திரும்பும் வழக்கம் போகவில்லை. அன்று மாலை பேருந்துக்குக் காத்திருந்தபோது, எண்ணெய் தேய்த்த நண்பரை மீண்டும் கண்டோம். பல்லுக்குக் கிணற்று நீரே காரணம் என்றும், தாத்தாவின் நோய் மாத்திரையோடு போயிற்று, பேத்தியின் பிள்ளைக்கு அது இரத்தத்தில் வந்து நிற்காது என்றும் நம்மால் இயன்ற எளிய சொல்லில் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க டாக்டருங்களா சார்?"

இல்லை என்றோம்.

"பரவாயில்லீங்க. இதையே ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஞாயித்துக்கிழமை வர்றாங்க."

கையேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினோம். கையெழுத்தும் போடச் சொன்னார். போட்டோம். எண்ணெய்க் கை படாமல் இரு விரல் நுனியால் வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேருந்து வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரிடமும் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று படியில் நின்றபடி கூவினோம். அருவியின் இரைச்சலில் அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.